கடதாசியில் பாடிய றேடியோ

றேடியோ அருளம்பலத்தின் பெயரைப் பராசக்தி முதலில் கேட்டது எண்பத்து மூன்றில், சின்னம்மாவின் இளைய மகளின் கலியாண வீட்டில். மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட தமையன், கரவெட்டியில் றேடியோ திருத்துகிறவர், பெரிய மூளைசாலி என்றார்கள். அந்த மூளைசாலி, வடை ஏன் எண்ணெய் குடித்தது என்று பந்தியில் விளக்கம் சொல்லிச் சொல்லியே ஏழு வடை தின்றார்.

தொண்ணூற்றிரண்டில் பராசக்தியின் றேடியோ ஊமையானது. ஜேர்மனியில் இருந்த மகன் தேவராசாவின் கடிதம் வந்து எட்டு மாதம். வருகிற ஞாயிறு பின்னேரம் வெளிநாட்டுத் தமிழ் வானொலியில் தன் கடிதத்தை வாசிப்பார்கள் என்று, கொழும்பால் வந்த ஒருவரிடம் சொல்லியனுப்பியிருந்தான். அதை அவள் கேட்டாக வேண்டும்.

அருளம்பலம் பெட்டியைத் திறந்தார். செத்திருந்தது மிளகளவு டிரான்சிஸ்டர் ஒன்று. யப்பான் சாமான், யுத்தத்தில் பொருட்களுக்குத் தடை போட்டிருந்த காலத்தில் எங்கே போவது? கையில் இருந்தது ஒல்லாந்துச் சாமான். எதற்கு எது ஈடு என்று எண்கள் போட்ட தடித்த புத்தகத்தை விரலை நக்கி நக்கிப் புரட்டினார். பிறகு மூன்று நாள் கொப்பியில் கணக்கு. கரண்ட் இல்லாத ஊரில் றேடியோவைக் கடதாசியிலேயே ஓடவிட்டுப் பார்ப்பாராம்! கடைசியில் சாமானை ஈயத்தால் ஒட்டிக் கொடுத்தார்.

"கடதாசியிலை வடிவாப் பாடுது, தங்கச்சி."

"ஒருக்கா ஓட்டிப் பாருங்கோவன், அண்ணை."

"ஏன்? என்ரை கணக்குப் பிழைக்காது."

ஞாயிறு பின்னேரம் பராசக்தி சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ வயரை றேடியோவுக்குக் கொடுத்தாள். பாட்டு வரவில்லை, புகைதான் வந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அருளம்பலத்தின் வீட்டில் றேடியோ கணீரென்று பாடியது. அவர் மனைவி குணலட்சுமி பெடல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"உதுவும் இவரின்ரை கணக்கோ, மச்சாள்?"

"சீ! உதிலை இவரைத் தொட விட்டனானே? பருத்தித்துறை மரியரட்ணம் திருத்தினது."

அருளம்பலம் புகைந்த பெட்டியை வாங்கி, கொப்பியில் பிழை தேடினார். பிழை கொப்பியில் இல்லை. அந்தச் சாமானுக்கு மூன்று கால். யப்பானில் நடுவில் நிற்கிற கால் ஒல்லாந்தில் ஓரத்தில் நிற்கும். எண்ணைப் பார்த்த மேதை காலைப் பார்க்கவில்லை. பிறகு மரியரட்ணம் ஒரு பார்வையில் சொன்னது அது.

பராசக்தி அவருடைய கதிரையிலேயே இருந்து மகனின் கடிதத்தைக் கேட்டாள். வேலை கிடைத்துவிட்டது, குளிருக்குக் கோட்டு இருக்கிறது, அம்மா அழக்கூடாது. கேட்டு முடிந்ததும் வயரைக் கழற்றி, அவர்களின் றேடியோவைக் கக்கத்தில் வைத்தாள்.

"எடி தங்கச்சி, அது எங்கடை..."

"உங்களுக்குத்தான் கொப்பியிலை பாடுதே, அண்ணை. அதைக் கேட்டுக்கொண்டிருங்கோ."

குணலட்சுமி தடுக்கவில்லை, சிரிப்பை அடக்கத்தான் பாடுபட்டாள்.

அருளம்பலம் இப்போது வவுனியாவில் மகள் வீட்டில் இருக்கிறார், கொப்பியோடு.