பின்னுக்குப் போன சீட்

வீடு வீடாகப் போய் ஊசி போடும் நர்ஸக்கா ஆள் குள்ளம். கார் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டால்தான் கால் பெடலுக்கு எட்டும். போன மாதம் எங்கேயோ ரிமோட் சாவியைத் தொலைத்துவிட்டார்.

"புதுச் சாவி எட்டாயிரம். தொலைஞ்ச சாவி இனி வேலை செய்யாதபடி அழிக்கணும்னா இன்னொரு நாலாயிரம்" என்றார் சாவிக்கடைக்காரர்.

முதல் தொகையைக் கேட்டதுமே நர்ஸக்காவுக்குக் கண்ணைக் கட்டியது. "எடுத்தவனுக்கு எந்த வண்டின்னு தெரியவா போகுது? புதுசு மட்டும் போதும்ணே" என்று சொல்லிவிட்டார்.

நாலைந்து நாள் கழித்து, காலையில் வீட்டு வாசலில் நின்ற காரில் மகளைப் பின்னால் ஏற்றிவிட்டு முன்னால் உட்கார்ந்தார். கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட் கடைசிவரை பின்னுக்குப் போயிருந்தது. கதவில் கீறல் இல்லை, எதுவும் திருடு போகவும் இல்லை. மகள் பக்கம் திரும்பினார்.

"நீ சீட்டைத் தொட்டியா?"

"நான் ஏம்மா தொடப்போறேன்?"

மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, கதவைத் தாழிட்ட பிறகுதான் சாவிக்கடைக்காரருக்குப் போன் போட்டார். அவர் மத்தியானத்துக்குள் வந்து பழைய சாவியை அழித்துக் கொடுத்தார்.

"இனி அது வெறும் பிளாஸ்டிக்தாம்மா. பயப்படாதீங்க."

"வண்டிய அது திறக்காதுண்ணே. ஆனா எங்க வீடு எதுன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சே" என்றார் நர்ஸக்கா. விலை என்னவென்றுகூடக் கேட்காமல் வாசல் பூட்டையும் மாற்றச் சொன்னார்.