விழுங்கிய பாதாம்

டிசம்பர் பிறந்தாலே போடிலுக்குக் கவலை பிடித்துக்கொள்ளும். திஸ்டெட் ஊரில் மற்ற பெண்களுக்கும் அந்த மாதம் கவலை இல்லாமல் இல்லை. வாத்து சரியாக வேகுமா, மாமியார் என்ன குறை சொல்வாளோ என்று ஆயிரம் இருக்கும். போடிலின் கவலை ஒரு பாதாம்பருப்பு அளவுதான். ஆனால் ஐம்பது வருஷமாக அது செரிக்கவில்லை.

அது நடந்தது 1968இல், அவளுக்கு ஆறு வயது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை, வாத்துக்கறியும் சர்க்கரைப் பாகில் புரட்டிய உருளைக்கிழங்கும் முடிந்தபிறகு பால்சோறு வந்தது. பாலில் குழைய வெந்து ஆறிய அரிசியில், அடித்த க்ரீமும் நறுக்கிய பாதாமும் கலந்து, மேலே சூடான செர்ரிப் பாகு. அதற்குள் எங்கேயோ ஒரே ஒரு முழுப் பாதாம் இருக்கும். அது யார் வாயில் அகப்படுகிறதோ அவருக்குப் பரிசு. அகப்பட்டவர் உடனே சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடும். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றவர்கள் இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று மூச்சுமுட்டத் தின்ன வேண்டும்.

அந்த வருஷப் பரிசு, பாதாம் விழுதில் செய்த பன்றிக்குட்டி. கழுத்தில் சிவப்பு ரிப்பன். இரண்டு வாரமாகப் போடில் அதை அலமாரிக் கண்ணாடி வழியே பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தாள். பாதாமும் அவளுக்கேதான் வந்தது. சமத்தாகக் கன்னத்தில் ஒதுக்கினாள். எதிரே அம்மா ஹெர்டிஸும் அப்பாவின் அக்கா எல்னாவும் கிண்ணத்தைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்குச் சும்மா இருக்க முடியுமா? கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு பாதிரியாரைப்போல இழுத்து இழுத்துப் பிரசங்கம் செய்தார். போடில் கொல்லென்று சிரித்தாள். பாதாம் உள்ளே போய்விட்டது.

காட்டுவதற்குப் பாதாம் இல்லாமல் யார் நம்புவார்கள்? திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி உட்கார்ந்திருந்தாள். பெரிய கிண்ணம் காலியானது. எல்னா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏ ஹெர்டிஸ், பாதாமைப் போட்டியா இல்லையா?"

"போட்டேன் அண்ணி. என் கையாலதான் போட்டேன்."

"போட்டதா நெனச்சிருப்பே."

அம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அடியைச் சுரண்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. எல்னா பன்றியை நாலாக வெட்டிப் பங்கு வைத்தாள். போடிலுக்கு ஒரு பின்னங்கால் கிடைத்தது. சும்மா சொல்லக் கூடாது, அதையும் தின்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாயா என்று கேட்பார்கள். போடில் மறைத்தது ஒரு பாதாம், அதுவும் வயிற்றில். எளிதாக மறைந்துவிட்டது. அதுதான் வினை.

மறுவருஷத்திலிருந்து அந்த வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. அம்மா பாதாமை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டிவிட்டு, ஒரு சாட்சியின் கண்முன்னால் கிண்ணத்தில் போட வேண்டும். சாட்சி, வேறு யார், எல்னாதான். "பார்த்தேன், போட்டா" என்று அவள் அறிவிப்பாள், எல்லோரும் சிரிப்பார்கள், அம்மாவும் சிரிப்பாள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த எல்னாவுக்கு அவல் கிடைத்துவிட்டது. உப்புக் குறைந்தாலும் சாவி தொலைந்தாலும், "நம்ம ஹெர்டிஸ்தானே, பாதாமை மறந்தவ" என்பாள்.

போடிலுக்கு ஆறு வயதில் சொல்லப் பயம். பத்து வயதில் வெட்கம். பதினைந்தில் ஒரு கடிதம் எழுதிக் கிழித்தாள். இருபத்தைந்தில் அவளுக்கு ட்ரோல்ஸுடன் கல்யாணம். விருந்தில் எல்னா எழுந்து கோப்பையைத் தட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தாள். "மாப்பிள்ளை, இவ அம்மா மாதிரியான்னு பாத்துக்கோ. பாதாமை எண்ணி வாங்கிக்கோ!" கூடம் முழுக்கச் சிரிப்பு. அம்மாவின் கை மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்ததை மணப்பெண் மட்டும் பார்த்தாள். அப்போது எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ட்ரோல்ஸ் வீட்டு வழக்கம் வேறு. கறிக்கு முன்னாலேயே சுடச்சுடப் பால்கஞ்சி, நடுவில் ஒரு வெண்ணெய்க் கட்டி. அதனால் வந்த சண்டையில் போடில் சீக்கிரமே விட்டுக்கொடுத்தாள். கஞ்சி வேண்டுமா, சோறு வேண்டுமா, முன்னாலா, பின்னாலா, எதுவும் சரி. பாதாமில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஒரு வருஷம் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பாதாம் போட்டாள். ஒன்று ட்ரோல்ஸுக்கும் மற்றது மகள் சிட்செலுக்கும் வந்து, பரிசு யாருக்கு என்று சண்டையாகி, குழந்தை அழுதுகொண்டே தூங்கியது. அதற்கப்புறம் ஒன்றுதான். ஆனால் பால்சோறு சாப்பிடும்போது யாரும் சிரிப்பு மூட்டக் கூடாது என்று சட்டம் போட்டாள்.

"நம்ம வீட்டுல பால்சோறு சாப்பிடறது பரீட்சை எழுதற மாதிரி" என்பான் ட்ரோல்ஸ். ஏன் என்று அவனுக்குக்கூடத் தெரியாது.

இப்படியே ஐம்பது வருஷம் போனது. அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. 2018 மார்ச்சில் எல்னாவும் போனாள். அக்டோபரில் அம்மா அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டு மறந்து, அது கருகி, பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவரும்படி ஆனது. எண்பத்திரண்டு வயது. ஞாபகசக்தியைச் சோதிக்க ஜனவரி எட்டாம் தேதி வரச் சொல்லியிருந்தார் டாக்டர்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய மதியம் அம்மா போடிலின் சமையலறையில் பாதாம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் கேட்டார், மறதி எப்பலேர்ந்துன்னு" என்றாள், தலை நிமிராமல். "அறுபத்தெட்டுலேர்ந்துன்னு சொன்னேன். எழுதிக்கிட்டார்."

க்ரீம் அடித்துக்கொண்டிருந்த போடிலின் கை நின்றது.

"முப்பத்திரண்டு வயசுலயே எனக்கு மூளை இப்படித்தான் இருந்திருக்கு. இந்தச் சோதனைக்கு எதுக்குப் போகணும், முடிவுதான் தெரியுமே." அம்மா சிரிக்கப் பார்த்தாள்.

"அம்மா, நீ மறக்கலை. நான் முழுங்கிட்டேன்."

"என்னத்த?"

"பாதாமை. அன்னைக்கு. அப்பா பாதிரியார் மாதிரி பேசினாருல்ல, சிரிச்சேன், உள்ள போயிடுச்சு."

அம்மா கத்தியைப் பலகையில் வைத்தாள்.

"எல்னா மார்ச்சுல செத்தா" என்றாள். "பிப்ரவரியில சொல்லியிருக்கக் கூடாதாடி? ஒரே ஒரு தடவை அவ மூஞ்சிக்கு நேரா நின்னிருப்பேனே."

"பயமா இருந்துச்சும்மா."

"அவகிட்டயா?"

"உங்கிட்ட."

போடில் அழுதாள். அம்மா தேற்றவில்லை. தேற்றுவாள் என்று போடிலும் எதிர்பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து ட்ரோல்ஸ் உள்ளே வந்தான். எல்னா போனபிறகு அந்தப் பதவி அவனுக்கு வந்திருந்தது. "சாட்சி வந்தாச்சு! எங்கே பாதாம்?"

"சாட்சி வேணாம்" என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் வெளிய போங்க. கதவைச் சாத்துங்க."

மாலை மேசையில் நாலு பேர். வாத்து முடிந்தது, பால்சோறு வந்தது. பன்றிக்குட்டி ரிப்பனோடு நடுவில் உட்கார்ந்திருந்தது. அம்மா வாய் பேசாமல் சாப்பிட்டாள். கோபம் தீரவில்லை என்று போடில் நினைத்தாள். முதல் கிண்ணத்தில் யாருக்கும் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. சிட்செல் பாவாடைக் கொக்கியைத் தளர்த்திக்கொண்டு மூன்றாவது வாங்கினாள்.

பெரிய கிண்ணத்தின் அடி தெரிந்தது. சாப்பாட்டுக்கு நடுவே தட்டு எடுக்கப் போனபோது போடில், நறுக்கும் பலகையில் தோலுரித்த முழுப் பாதாம் ஒன்றைப் பார்த்திருந்தாள். மிச்சம் விழுந்தது என்று அப்போது நினைத்தாள். போட வேண்டியதே அதுதானோ? நான் சொன்ன அதிர்ச்சியில் மறந்தே போனாளோ? ஐம்பது வருஷத்தில் முதல் முறையாகத் தனியாக விட்டோம், அன்றைக்கா இப்படி? எட்டாம் தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டியதே இல்லையா?

சிட்செல் காலிக் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தாள். ட்ரோல்ஸ் தொண்டையைக் கனைத்தான். "ஒருவேளை..." என்று ஆரம்பித்தான். மேசைக்குக் கீழே போடில் அவனை எட்டி உதைத்தாள்.

"எனக்குத்தான் வந்துச்சு" என்றாள் சத்தமாக. "பேச்சு வாக்குல முழுங்கிட்டேன்."

அம்மா மெதுவாகக் கரண்டியைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்து நாக்கை நீட்டினாள். அதன்மேல் பாதாம், ஒரு கீறல்கூட இல்லாமல்.

அதைத் துப்பி உள்ளங்கையில் வைத்து, மூன்று பேருக்கும் ஒவ்வொருவராகக் காட்டினாள். பிறகு பன்றிக்குட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். யாருக்கும் ஒரு காலைக்கூடக் கொடுக்கவில்லை.

"சொல்ல வேண்டிய நாள்ல சொல்லலை. இன்னைக்குச் சொல்றா, அதுவும் பொய்" என்றாள் மகளைப் பார்த்து. "எட்டாம் தேதி எங்கூட நீ வர்றே. அந்த அறுபத்தெட்டை டாக்டர் அடிச்சுத் திருத்தணும். சாட்சி நீதான்."