இரண்டு சீட்டுக் கார்

எங்களிடம் இரண்டு கார்கள் இருந்தன. கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் ஒன்றை நிறுத்தத்தான் இடம். மற்றது தெருவில் வெயிலில் காய்ந்தது. ஒன்றை விற்றே ஆகவேண்டும் என்றானபோது, எதை என்பதில் எனக்கும் என் கணவருக்கும் ஒத்துவரவில்லை.

என்னுடையது சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பழசு, இரண்டே சீட்டு. மதுரையில் ஒரு டாக்டர் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது எங்களுக்கு விற்றது. தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்டவேண்டும். இறங்கும்போது யாராவது கைகொடுத்தால் தேவலை. ஏசி பேருக்குத்தான். ஊருக்கு ஊர் போட்டிருக்கும் வேகத்தடைகளில் காரின் அடிவயிறு தட்டும். ஆனால் கயத்தாறு ரோட்டில் அதை மிதித்தால் எனக்கு வயசு குறைந்துவிடும். அதைச் சொல்வதில் என்ன வெட்கம்?

அவருடையது வெள்ளை ஹேட்ச்பேக். ஊரில் பாதிப் பேர் வைத்திருப்பது. மைலேஜ் கொடுக்கும், எந்தப் பாதையிலும் போகும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்வார். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

"நாம ரெண்டு பேர்தான இருக்கோம். ரெண்டு சீட்டு போதாதா?" என்றேன்.

"பிள்ளைக வந்தா எங்க உக்காரும்?" என்றார்.

மகன் கனடாவில், மகள் ஆஸ்திரேலியாவில். வருகிறோம் என்பார்கள்; வரமாட்டார்கள். யாரும் உட்காராத பின்சீட்டை அவர் ஞாயிறுதோறும் துடைப்பார். பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும். வராதவர்களுக்கு எதற்கு இடம் என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிடுவேன்.

தை மாதம் பசுவந்தனையில் அவர் அக்கா வீட்டில் விசேஷம். விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ஆளுக்கொரு காரில் கிளம்பினோம். அறுப்பு நேரம். வழியில் உளுந்தஞ்செடியைத் தார்ரோட்டில் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறிப்போனால் நெற்று உடைந்து மணி உதிரும். கரிசல் பக்கம் வண்டி ஓட்டுகிற எல்லோரும் சம்பளமில்லாமல் பார்க்கிற வேலை. அவர் ஏற்றிப் போனார். நானும் யோசிக்காமல் ஏற்றினேன்.

"எக்கா, நிறுத்துங்க! அடியில புகையுது!" என்று ரோட்டோரக் களத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

இறங்கிப் பார்த்தால், சைலன்சரில் சுற்றிக்கொண்ட காய்ந்த செடி எரிகிறது. களத்துப் பெண்கள் முதலில் செடியைத்தான் இருபுறமும் வாரி ஒதுக்கினார்கள். பிறகுதான் குடிதண்ணீரையும் மண்ணையும் கொட்டிக் காரில் பிடித்த தீயை அணைத்தார்கள். அது சரிதான். காரின் அடியில் வயர்களெல்லாம் வெந்துவிட்டன. உளுந்திலும் ஒரு பகுதி கருகியிருந்தது.

"ஒத்த மழைய நம்பி வெதச்சது, இப்பிடித் தீஞ்சு போச்சே," என்று செடிக்காரப் பெண் தலையில் கைவைத்தாள். 

முன்னால் போயிருந்த என் கணவர் திரும்பி வந்தார். "தீஞ்சத நாங்க வாங்கிக்கிடுதோம்மா," என்று அவளிடம் சொன்னார். அவர்கள் அதை அடித்துப் புடைத்து மூட்டையாகக் கட்டும்வரை ரோட்டோரம் காத்திருந்தோம். இனி இந்தப் பாதைகளில் சிவப்புக் காரை வைத்து மாரடிக்க முடியாது, விற்றுவிடலாம் என்று நானே சொன்னேன். அவர் தலையாட்டினார்.

டிக்கியில் சீர்ப் பாத்திரங்கள் இருந்ததால் மூட்டையைப் பின்சீட்டில் ஏற்றினார்கள். அது சாயாமல் இருக்க அவர் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். சரியாக மாட்டியிருக்கிறதா என்று இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"காரு போனாப் போவுது, விடு," என்றார்.

காருக்காகத்தான் அழுகிறேன் என்பதுபோல் நானும் தலையாட்டினேன்.