ஞாயிற்றுக்கிழமை மட்டும் கட்டாகிற போன்

பெருந்தேவி மாமியைப் பத்தி ஸ்ரீவில்லிபுத்தூர்ல யாரைக் கேட்டாலும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷின்னுதான் சொல்லுவாங்க. எனக்கு மட்டும் அவிய ஞாபகம் வந்தா அன்னைக்குச் சோறு இறங்காது. என் பேரு இருதயம். டெலிபோன் லைன்மேனா இருந்தவன். வீடு ராஜபாளையம், வேலை ஸ்ரீவில்லிபுத்தூர். முப்பது வருஷத்துல எத்தனையோ கம்ப்ளைண்ட் பார்த்தாச்சு, எல்லாம் மறந்தும் போச்சு. இது ஒண்ணு போக மாட்டேங்குது.

எண்பத்தாறுல அவிய வீட்டுக்கு லைன் இழுத்துக் கொடுத்தவனே நான்தான். ஆறு வருஷம் காத்துக் கிடந்து வந்த கனெக்‌ஷன். மாமியோட வீட்டுக்காரர் கோர்ட்டுல கிளார்க். ஒரே பையன் ஹயக்ரீவன், அப்ப காலேஜ்ல படிச்சான். வேலை முடிஞ்சதும் மாமி காபி கொண்டாந்து தந்தாவ. வாசல்லயே நின்னு குடிச்சேன். அந்த அக்ரகாரத் தெருவுல நான் எந்த வீட்டுக்குள்ளயும் போனதில்ல. வராதேன்னு ஒருத்தர் வாயால சொன்னது கிடையாது, நானா அப்படி வச்சுக்கிட்டேன். லைன் பாக்ஸையும் அதுக்குத் தோதா வாசக்கதவு பக்கத்துலதான் அடிப்பேன்.

தொண்ணூறுல பையன் அமெரிக்கா போனான். தொண்ணூத்தி மூணுல யாருகிட்டயும் கேக்காம அங்கேயே ஒரு வடக்கத்திப் பொண்ணைக் கட்டிக்கிட்டான். சேதி வந்த அன்னைக்கு அப்பா போன்லயே கத்துனார், இனி இந்த வீட்டுக்குக் கூப்பிடாதேன்னு. மாமி பக்கத்துல நின்னாவளாம், வாயைத் திறக்கலியாம். ரெண்டு வருஷத்துல அந்த மனுஷனும் போய்ச் சேர்ந்துட்டார். பையன் காரியத்துக்கு வரல. பொறவு பேச்சே இல்ல.

தொண்ணூத்தி ஏழு ஆவணியில, அமெரிக்காவுலருந்து ராஜபாளையத்துக்கு லீவுல வந்த வேற ஒரு பையன் ஒரு பெட்டியைக் கொண்டாந்து மாமி கையில குடுத்தான். உள்ளே ஒரு கார்ட்லெஸ் போன், கூடவே ஒரு சீட்டு. அந்தச் சீட்டை மாமி எனக்கு ரொம்பப் பிந்தித்தான் காட்டினாவ. உங்களுக்கு இப்பவே சொல்லிடுதேன். 'அம்மா, இதுல வயர் கிடையாது. எங்க வேணும்னாலும் எடுத்துண்டு போய்ப் பேசலாம். ஞாயித்துக்கிழமை கார்த்தால ஆறு மணிக்குக் கூப்பிடறேன். என்னோட பேசப் பிடிக்கலேன்னா பேசாம வெச்சுடு. நான் புரிஞ்சுக்கறேன்.' அம்புட்டுதான். நம்பரும் எழுதல, விலாசமும் எழுதல.

அடுத்த திங்கக்கிழமை மாமிகிட்டருந்து கம்ப்ளைண்ட். பேச ஆரம்பிச்சதும் கொர்ருனு இரைஞ்சு கட்டாயிடறதாம். போனேன். டெஸ்ட் போனை பாக்ஸ்ல மாட்டினேன். டயல் டோன் மணி மாதிரி கேட்டுது. லைன் ஓகேன்னு எழுதிட்டு வந்துட்டேன். மறு திங்களும் அதே பாட்டு. அதுக்கடுத்த வாரமும்.

"மத்த நாள்ல எப்படி மாமி இருக்கு?"

"மத்த நாள்ல நன்னாத்தான் இருக்கு. முந்தாநாள்கூட மத்தியானம் என் தங்கை மகாராஜபுரத்துலேருந்து அரைமணி பேசினாளே. ஞாயித்துக்கிழமை கார்த்தால மட்டும்தான் கட்டாயிடறது."

எனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு. "ஞாயித்துக்கிழமைன்னு லைனுக்கு எப்படி மாமி தெரியும்? அதுவும் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகுதா? வெளிநாட்டுச் சாமானை மாட்டிட்டு எங்க உசிரை வாங்குதீங்க!"

மாமி முகம் சுருங்கிப் போச்சு. "செத்த பாருங்கோளேன் இருதயம்"னு மட்டும் சொன்னாவ. நான் சைக்கிளை எடுத்துட்டேன். பழைய போனையே மாட்டுங்கன்னு ஒரு வார்த்தை அன்னைக்குச் சொல்லியிருக்கலாம். அந்தக் கறுப்புப் போன் பரண்ல சும்மாதான் கிடந்துச்சு. கோவத்துல அது தோணல. பாழாப்போன கோவம்!

அஞ்சு ஞாயிறு இப்படிப் போச்சு. ஆறாவது ஞாயிறு மணியே அடிக்கல. ஏழாவதும் அடிக்கல. மாமி பழைய விலாசத்துக்குக் கடுதாசி போட்டாவ, வீடு மாறிட்டான்போல, அப்படியே திரும்பி வந்துச்சு. பெட்டி கொண்டாந்த பையன் வீட்டுல விசாரிச்சா, அவனுக்கே ஹயக்ரீவனைப் பழக்கமில்லியாம், வேற யாரோ குடுத்து விட்டாங்களாம்.

அதுக்குப் பொறவு நான் போனப்ப மாமி கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாவ. "இருதயம், நீங்க ஒரு தடவையாவது உள்ளே வந்து பார்க்கப்படாதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "வரலாமா மாமி?"

"என்ன கேள்வி இது? நீங்க பதினோரு வருஷமா வாசலோடயே போறேள். செருப்பைக் கழட்டறதுக்குச் சோம்பல் போலேருக்குன்னு நெனச்சுண்டிருந்தேன்."

கழட்டிட்டுப் போனேன். கூடத்தைத் தாண்டி உள் ரூம்ல ஒரு இரும்பு பீரோ. அதோட கதவு இடுக்குல ரெண்டு வயர் நுழைஞ்சு போகுது. மாமி இடுப்புச் சாவியை எடுத்துத் திறந்தாவ. பட்டுப்புடவைக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கும் நடுவுல லைன் வயர் மாட்டுற அந்தப் போனோட அடிப்பெட்டி உக்காந்திருக்கு, மேல ஒரு கைக்குட்டை போட்டு.

"குழந்தை அனுப்பினது. தூசி படப்படாதுன்னு..."

எனக்குச் சிரிப்பு வந்துட்டு, சத்தியமா. பேசுற போனுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவுல வயர் கிடையாது, காத்து வழியாத்தான் பேச்சு போகணும். இரும்புக்குள்ள அடைச்சா எப்படிப் போகும்? மத்த நாள்ல மணி அடிச்சதும் மாமி பீரோவைத் திறந்து, திறந்த கதவு பக்கத்துலயே நின்னு பேசியிருக்காவ. ஞாயித்துக்கிழமை மட்டும் அஞ்சரைக்கே குளிச்சு, போனைக் கையில எடுத்துக்கிட்டு, பீரோவைப் பூட்டிட்டு, கூடத்துல வந்து உக்காந்திருக்காவ. லேசா மணி வரும். எடுத்ததும் இரைச்சல். பொறவு கட்.

இதை நான் சிரிச்சுக்கிட்டே விளக்குனேன். மாமி சிரிக்கல. பீரோவுக்குள்ள கையை விட்டு அந்தச் சீட்டை எடுத்து நீட்டினாவ. படிச்சேன். என் சிரிப்பு செத்துப் போச்சு.

"அவன் காதுல எப்படிக் கேட்டிருக்கும், இருதயம்?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லல. "எடுத்துட்டு உடனே வெச்ச மாதிரிதான் மாமி கேட்டிருக்கும்."

"அஞ்சு தடவை"ன்னு சொல்லிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாவ.

போன் பெட்டியைக் கூடத்துல ஒரு ஸ்டூல் மேல வச்சுக் கொடுத்தேன். எந்த மூலைக்குப் போனாலும் தெளிவாக் கேட்டுது. ஆனா கூப்பிட ஆள் இல்ல. எத்தனை ஞாயிறு போச்சோ.

தை மாசம் ஒரு ஞாயிறு எனக்கு எக்ஸ்சேஞ்சுல காலை டூட்டி. மாமி ஞாபகமாவே இருந்துச்சு. லைன் உசிரோட இருக்கான்னு ஒரு தடவை பார்ப்போம்னு அவிய நம்பரைப் போட்டேன். மணி ஆறுன்னு எனக்கு உறைக்கவே இல்ல. மூணு மாசமா ஒருத்தி அந்த ஆறு மணிக்காக உக்காந்திருக்கா, எனக்கு அது உறைக்கல பாருங்க!

முதல் மணி முடியல, எடுத்துட்டாவ. "கண்ணா! வெச்சுடாதேடா! நான் வெக்கலைடா! பீரோவுக்குள்ள வெச்சிருந்தேன்டா, அதான் கட்டாயிடுத்து. எனக்கென்னடா தெரியும்? அப்பா கத்தினப்போ பேசாம நின்னேனே, அதுக்கும் சேர்த்துக் கேட்டுக்கறேன், மன்னிச்சுக்கோடா. அந்தப் பொண்ணு சௌக்கியமா? அவளையும் பேசச் சொல்லேன்..."

பேச்சு நிக்கல. அதுக்கு நடுவுல, மாமி, நான் இருதயம் பேசுதேன்னு எப்படிச் சொல்ல? அவிய சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டேன். மெதுவா போனை வச்சுட்டேன்.

மறுநாள் கடைத்தெருவுல மாமி எதிர்ல வந்தாவ. அம்புட்டு வருஷத்துல அந்த முகத்துல அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்தது கிடையாது.

"இருதயம், நேத்திக்குக் கூப்பிட்டான். பேசலை, கோபம் இன்னும் போகலை போலேருக்கு. ஆனா நான் சொன்னதை முழுக்கக் கேட்டான். திரும்பக் கூப்பிடுவான்."

அப்ப சொல்லியிருக்கணும். "சந்தோஷம் மாமி"ன்னேன். அவிய இன்னும் ரெண்டு வருஷம் இருந்தாவ, ஒரு ஞாயிறு விடாம ஆறு மணிக்குக் கூடத்துல உக்காந்திருந்தாவ.