கதவைத் திறந்து திறந்து பார்த்தவள்

என் மருமகளுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. இந்த வீட்டுக்கு வந்த புதிதில், நான் ஊன்றிய விதை முளைத்ததா என்று தொட்டி மண்ணைக் கிளறிப் பார்த்தவள். அவளுக்கு வாய்த்த வேலையோ, தொடாமல் விட வேண்டிய வேலை.

ஆராய்ச்சிக்கூடத்தில் மனிதச் சிறுநீரகத்தின் செல்களைக் கிண்ணங்களில் வளர்க்கிறாள். புது மருந்து வந்தால் முதலில் அந்தச் செல்களுக்குக் கொடுத்துப் பார்ப்பார்களாம். அவை தாங்கினால்தான் மேற்கொண்டு பேச்சு. கிண்ணத்தின் அடியில் ஒட்டிக்கொண்டுதான் அவை வளரும். அதற்கென்று இன்குபேட்டர் என்று ஒரு பெட்டி. உள்ளே எப்போதும் நம் உடம்புச் சூடு. கதவு திறந்து குளிர் பட்டால் பிடி விட்டு மிதந்துவிடும்.

இரண்டு முறை மிதந்துவிட்டன. மூன்றாவது முறையும் போனால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக மேலதிகாரி அம்மா சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பக்கத்து மேசைத் தாடிக்காரன்தான் அத்தை. நான் இல்லாதப்போ என் பெட்டியைத் திறக்கறான்."

"கண்ணால பாத்தியா?"

"வேற யாரு திறப்பா?"

"பாக்காம பழி போடாதே."

"நீங்க யாரு பக்கம்?"

"செல்லு பக்கம்" என்றேன்.

கேட்பாளா? மறுநாளே போய், கதவு திறந்த கணக்கை எடுங்கள் என்று நின்றிருக்கிறாள். அதைப் பெட்டி தானாகவே குறித்து வைக்குமாம். எல்லார் முன்னிலையிலும் எடுத்தார்கள். ஒரே நாளில் பதினொரு தடவை. அந்த வாரம் முழுக்கத் தாடிக்காரன் விடுப்பு. திறந்ததெல்லாம் இவள்தான், ஒட்டிக்கொண்டதா, ஒட்டிக்கொண்டதா என்று.

"'நல்லவேளை, நான் ஊர்ல இல்ல'ன்னு சிரிச்சான் அத்தை. திட்டியிருந்தாக்கூடத் தேவலை."

"மன்னிப்புக் கேட்டியா?"

"வாய் வரல."

"அப்போ உனக்குச் சோறும் வராது."

முறைத்தாள். நான் சட்டி மூடியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. கடைசியில் போனை எடுத்துத் தாடிக்காரனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, தப்பு என்னோடதுதான். மன்னிச்சிடுங்க. நாளைக்குப் புதுசா போடறேன். பெட்டிச் சாவியை நீங்களே வச்சுக்குங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

"அழுதா?" என்றது போனுக்குள்ளிருந்து அவன் குரல்.

"அழுதாலும்."

அடுத்த இரண்டு நாளும் வீட்டில் பால்கனிக்கும் கூடத்துக்கும் நடை. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். பொய் சொல்வானேன், நானும் பின்னாலேயே நடந்தேன்.

"ரெண்டு பேரும் உக்காருங்க, தரை தேஞ்சிடப் போகுது" என்றான் மகன். உட்காரவில்லை.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது.

"அத்தை, நாலு கிண்ணத்துல மூணு ஒட்டிக்கிச்சு! இது போதும், மருந்தை ஆரம்பிக்கலாம்னு மேலதிகாரி அம்மா சொல்லிட்டாங்க."

நான் அப்போதுதான் உட்கார்ந்தேன். அதற்குள் அங்கே அவள் குரல் கெஞ்சியது: "அண்ணா, இன்னும் ஒரே ஒரு தடவை..."

பெட்டிக் கதவு சாத்துகிற சத்தம் எனக்கே கேட்டது.