கடலில் கீழ்ப்பக்கம் எது

"எல்லாம் நடக்கிற தூரம்தான்" என்று விடுதிக்காரப் பெண் போனில் சிங்களத்தில் சொன்னார். கடல், சாப்பாட்டுக் கடைகள், பஸ் நிற்கிற இடம் என்று வருகிற எல்லோருக்கும் சொல்வதை எனக்கும் சொல்லிக்கொண்டு வந்தவர், நாங்கள் எதற்காக வருகிறோம் என்பது நினைவு வந்து பாதியில் நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, பொலிஸும் ஆஸ்பத்திரியும்கூடப் பக்கம்தான் என்றார்.

என் மனைவியின் தம்பியைக் கடல் கொண்டுபோயிருந்தது. வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள் நாங்கள். அங்கே வேலை பிடிக்காமல் அவன் தெற்கே அந்தச் சுற்றுலா ஊருக்குப் போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் சேர்ந்திருந்தான். லீவு நாளில் குளிக்கப் போனவன் திரும்பவில்லை. சட்டையும் செருப்பும் மணலில் கிடந்தனவாம். கடை முதலாளிதான் எங்களுக்கு அந்த விடுதியில் அறை பேசிக் கொடுத்தார்.

அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை. கல்யாணமும் ஆகவில்லை. அக்காதான் எல்லாம். எங்கள் பக்கத்தில் இறந்தவருக்குக் கடைசியாகச் செய்வது வாய்க்கரிசி. முகத்தைப் பார்த்து உதட்டில் அரிசி போட்ட பிறகுதான் பெட்டியை மூடுவார்கள். பஸ்ஸில் என் மனைவி அழவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"மொகம் கெடறதுக்குள்ள கெடைச்சிரணுங்க. மொகத்தப் பாக்காம நான் எப்புடிங்க அவன அனுப்புவேன்?"

உயிரோடு இருப்பான் என்று அவள் ஒருதரம்கூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

விடுதியில் நான்கு அறைகள். முற்றத்தில் ஒரு தென்னை, பிளாஸ்டிக் நாற்காலிகள், மணல் ஒட்டிய காலைக் கழுவ வாசலிலேயே ஒரு குழாய். அறைக் கட்டிலில் வெள்ளைத் துவாயை அன்னம் மாதிரி மடித்து, அதன் கழுத்தில் ஒரு செம்பருத்திப் பூவைச் செருகி வைத்திருந்தார்கள். அதை எங்கே எடுத்து வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. குலைத்தால் ஏதாவது சொல்வார்களோ என்றும் இருந்தது. கட்டிலை அதற்கே விட்டுவிட்டு நாங்கள் தரையில் படுத்தோம். காலையில் பார்த்த விடுதிக்காரப் பெண் கையைத் தலையில் வைத்துக்கொண்டார். "ஐயோ நங்கி, அது உங்களுக்குத்தான்" என்று தங்கச்சி முறை சொல்லித் துவாயை உதறி என் மனைவியின் தோளில் போட்டார். பூ கீழே விழுந்தது. என் மனைவி அதைப் பொறுக்கி ஜன்னலில் வைத்தாள்.

விடுதி இருந்த ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு, முடிகிற இடத்தில் கடல் இருந்தது. முன்பு கொழும்பில் பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்திருக்கிறேன். அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அதன் சத்தம் மழைக்காலத்து ஆற்றுச் சத்தம் மாதிரி இல்லை. ஆறு போய்க்கொண்டிருக்கிற சத்தம் போடும். இது வந்துகொண்டே இருந்தது. வெள்ளைக்காரர்கள் மணலில் துணி விரித்துப் படுத்திருந்தார்கள். ஒரு கடையில் பாட்டு ஓடியது. அவன் வேலை செய்த கடையும் திறந்துதான் இருந்தது. அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் லயத்து வீடுகளில் சாவு விழுந்தாலும் அடுத்த மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

அவன் தோட்டத்துக்கு லீவில் வந்தால் என்னை உட்கார விடமாட்டான். "மச்சான், ஒருக்கா கடலுக்கு வந்து பாருங்க. எவ்ளோ நேரம் வேணும்னாலும் நிக்கலாம். காலுல ஒரு அட்ட ஏறாது" என்பான். "அட்ட இல்லாத தண்ணியில என்னடா ருசி?" என்று அக்கா கேட்பாள். "உப்புதாங்க்கா ருசி" என்பான். மச்சான் முறைக்காரன் அடிக்கிற கேலிக்கு நான் சிரித்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

படகுக்காரர்கள் மூன்று பேர் பொலிஸ் கேட்டுக்கொண்டதன் பேரில் தேடினார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் ஏற்கெனவே ஒரு நாள் தேடியிருந்தார்கள். கடலைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கமாக, மாத்தறைப் பாதையை ஒட்டிய கரையில் தேடினார்கள். நாங்களும் அவர்கள் போன பக்கமே கரையோரமாக நடந்தோம். அவர்களில் வயதான ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு இன்னொருவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"தோட்டத்து ஆள். கடலையும் பீலின்னு நினைச்சிட்டான்."

பீலியைச் சிங்களத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்வார்கள். மலையிலிருந்து வழிகிற தண்ணீரைக் குழாயிலோ தகரத்திலோ திருப்பி, அதற்கடியில் நின்று நாங்கள் குளிப்போம். தண்ணீர் நம்மை இழுக்கும் என்பதே எங்களுக்குத் தெரியாது. அவர் சொன்னது கேலிதான். ஆனால் பொய் இல்லை. என் மனைவிக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. "என்னாங்க சொல்றாரு?" என்று கேட்டாள். தேடுவோம் என்கிறார் என்று சொன்னேன்.

அன்று கிடைக்கவில்லை. மறுநாளும் கிடைக்கவில்லை. நல்ல வெயில். எங்கள் ஊரில் வெயில் அடித்தால் சந்தோஷப்படுவோம். அங்கே என் மனைவி வெயில் ஏற ஏற வானத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நடந்தாள். "இந்த வெயிலு எதுக்குங்க இப்புடி அடிக்குது?" என்றாள். முகத்தை நினைத்துத்தான் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். மலையில் கூடையோடு ஏறி இறங்கியே பழகிய கால்கள் மணலில் புதைந்து புதைந்து வந்தன. ஒரு வெள்ளைக்காரப் பெண் அவளுக்குத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கொடுத்தாள். நாங்கள் எதையோ விற்க வந்தவர்கள் என்று நினைத்தாளோ என்னவோ.

அவனைக் கடைசியாகப் பார்த்தவர் அவன் வேலை செய்த கடையில் ரொட்டி போடுகிறவர். டயகமக்காரர், எங்களைப் போல மலைத் தோட்டத்து ஆள், என்னைவிடக் கொஞ்சம் இளையவர். பொலிஸுக்குத் தகவல் சொன்னவரும் அவர்தான். கடையை விட்டு வர முடியாமல் இருந்தவர், அதற்கும் அடுத்த நாள் காலைக் கூட்டம் குறைந்ததும் எங்களைத் தேடிக் கடற்கரைக்கு வந்தார். கையில் மா காய்ந்து ஒட்டியிருந்தது. என் மனைவியைக் கண்டதும் அழுதார்.

"நான் கூப்புட்டேன்க்கா. வாடா, வெயிலு ஏறுதுன்னு கூப்புட்டேன். இந்தா வாரேன்னு கைய காட்டுனான். அப்புறம் பாத்தா தண்ணி இழுத்துக் கீழ போய்க்கிட்டிருக்கான்."

"கீழேன்னா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்தான் கேட்டேன்.

"கீழதாண்ணே. இந்தா, இந்தப் பக்கம்." அவர் வலது கைப் பக்கம் காட்டினார். அங்கே கரை சரிந்து இறங்கி, ஒரு கல் மேட்டைத் தாண்டி, ஆறு கடலில் விழுகிற இடத்துக்குப் போகிறது. நின்ற இடத்திலிருந்தே சரிவு தெரிந்தது. எங்கள் கண்ணுக்கு அது கீழேதான். தோட்டத்துப் பிரிவுகளை மேல்கணக்கு, கீழ்கணக்கு என்றும் வீட்டு வரிசைகளை மேல்லயம், கீழ்லயம் என்றும் பிறந்ததிலிருந்து சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறதோ அது கீழே.

படகுகள் இடது பக்கம் வெகுதூரத்தில் இருந்தன.

"பொலிஸ்ல என்னன்னு சொன்னீங்க?"

"அதேதாண்ணே. 'பஹளட்ட கியா'ன்னு சொன்னேன். கீழ போனான்னு."

நாங்கள் வந்த அன்று விடுதியில் பஸ் கேட்டபோது, மேலே போகிறதா கீழே போகிறதா என்று அந்தப் பெண் கேட்டது ஞாபகம் வந்தது. அவர்கள் ஊரில் கொழும்புப் பக்கம் போவது மேலே. மாத்தறைப் பக்கம் போவது கீழே. மேடு பள்ளத்துக்கும் அந்தப் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லை. டயகமக்காரர் சொன்ன சிங்களத்தில் ஒரு பிழையும் கிடையாது. சரியான சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டவர்கள் அவர்களுடைய கீழே எதுவோ அங்கே தேடியிருக்கிறார்கள்.

நான் நாலு பேர் முன்னால் பேசுகிற ஆள் இல்லை. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டால்கூட எனக்குக் குரல் எழும்பாது. படித்தது தோட்டத்துப் பள்ளியில் அஞ்சாம் வகுப்பு வரை. ஆனால் அன்றைக்கு அந்த மணலில் ஓடினேன். படகுகள் கரைக்கு வரும்வரை கையை ஆட்டிக் கத்தினேன். வயதானவரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இந்தப் பக்கம் இல்லை, ஆற்றுப் பக்கம், எங்கள் ஆள் சொன்ன கீழே வேறே என்றேன்.

"கீழே இதுதானே?" என்றார் அவர்.

"உங்களுக்கு இது. எங்களுக்கு அது."

அவர் என்னையும் ஆற்றுப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் டயகமக்காரரும் ஓடி வந்து கையை நீட்டிக் காட்டினார். வயதானவர் தலையில் அடித்துக்கொண்டு கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். யாரைச் சொன்னார் என்று தெரியாது. படகைத் திருப்பினார்கள்.

கல் மேட்டுக்கு அந்தப் பக்கம், பாறைகளுக்கு இடையில் அவன் இருந்தான். கிடைக்க அதிக நேரம் எடுக்கவில்லை. அதுதான் எங்களுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்கும் நடந்தேதான் போனோம். அங்கே பிரேத அறையில் நிற்பவர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கையில் பச்சை குத்தியிருந்ததையும் இடுப்பில் இருந்த கயிற்றையும் பார்த்து, ஆமாம் என்றேன். முகத்தை மூடியிருந்தார்கள். நான் அந்தத் துணியில் கை வைத்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் ஐயா. பெண்பிள்ளைக்கும் காட்ட வேண்டாம். பெட்டியை இங்கேயே மூடித்தான் தருவோம்" என்றார். கல்லும் மீனும், என்று மட்டும் சொன்னார். முதல் நாளே கிடைத்திருந்தால் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

வெளியில் வந்து என் மனைவியிடம் எப்படிச் சொன்னேன் என்று எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. பக்கத்தில் நின்ற டயகமக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தாங்க்கா கெடுத்துட்டேன். கீழன்னு சொன்னேனே. கையக் காட்டிச் சொல்லியிருக்கலாமே."

என் மனைவி அவரிடம் போய் நின்றாள். ஏசப்போகிறாள் என்று பயந்தேன்.

"நீ என்னாத்தக் கெடுத்த? அது கீழதானே. அவனக் கேட்டாலும் கீழன்னுதான் சொல்லியிருப்பான். எந்திரி" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அரிசி வேணுங்க" என்றாள்.

நான் விடுதிக்கு நடந்து போய் அந்தப் பெண்ணிடம் ஒரு பிடி அரிசி கேட்டேன். சோறு இருக்கிறதே, உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றார். சோறு இல்லை, பச்சையாக, கையளவு என்று காட்டினேன். எதற்கு என்று என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாரோ என்னவோ, மேலே கேட்கவில்லை. உள்ளே போய் அரிசியைப் புதிய துணியொன்றில் முடிந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

பிரேத அறைக்காரரிடம் கெஞ்சினோம். அவர் கடைசியில் சம்மதித்து, முகத்துத் துணியை இறுக்கிக் கட்டிவிட்டு ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து வைத்தார். என் மனைவி உள்ளே போனாள். அந்தக் கை ஊறி வெளுத்து வேறு யாருடையது மாதிரியோ இருந்தது. அவள் அதைத் திருப்பி உள்ளங்கையில் அரிசியை வைத்தாள். விரல்கள் மடங்கவில்லை. அரிசி சரிந்து மேசையில் கொட்டியது. அவள் பொறுக்கிப் பொறுக்கித் திரும்பவும் வைத்தாள். பிறகு தன் கையை அவன் கைமேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "தின்னுக்கடா" என்றாள். வாயில் போடும்போது சொல்கிற மாதிரியே சொன்னாள். அந்த மனிதர் வாசல் பக்கம் திரும்பி நின்றார்.

பெட்டியோடு வேனில் ஏறினோம். மலைப்பாதையில் கினிகத்தேனைக்கு மேலே குளிர் அடிக்கத் தொடங்கியபோது அவள் தூங்கிப்போயிருந்தாள்.

தோட்டத்தில் லயத்துச் சனம் முழுக்க வாசலில் நின்றது. பெட்டியை இறக்கியதும் பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். ஆணி அடித்திருப்பதைப் பார்த்து ஒருத்தி, "தெறங்கடி, ஒருக்கா மொகத்தப் பாத்துக்கிறோம், அப்புடியே எப்புடிக் கொண்டுபோய்ப் பொதைக்கிறது?" என்று அழுதாள். இன்னொருத்தி சுத்தியல் கேட்டாள்.

என் மனைவி பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டாள்.

"வேணாம். நான் அங்கயே மொகத்தப் பாத்து அரிசி போட்டுட்டேன். தூங்குற மாரித்தான் இருந்தான். ஒண்ணுமே ஆகல."

"நெசமாவாடி?"

"நெசமாத்தான். அவரக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது என்பது அவர்களுக்குத் தெரியும். நான் தலையை ஆட்டினேன். அவர்கள் பெட்டியைத் தூக்கினார்கள்.