முப்பத்தொன்று வராத வீடு

எங்கள் வீட்டில் சிரிப்பதற்கென்று ஓர் இடம் இருந்தது. கிணற்றடிக்குப் பின்னால், வாழைகளுக்குள். பள்ளிக்கூடத்துப் பகிடி ஏதாவது நினைவுக்கு வந்தால் அங்கே போய்ச் சிரித்து முடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொன்னதில்லை. ஆனால் எனக்குப் பத்து வயது. வீட்டுச் சட்டங்கள் சொல்லாமலே விளங்குகிற வயது.

சண்டை முடிந்த நாட்களில் இராணுவத்தினர் அப்பாவை விசாரணைக்கென்று பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர் திரும்பவில்லை. இறந்துவிட்டார் என்றும் எவரும் வந்து சொல்லவில்லை. எங்களை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து மல்லாவிப் பக்கமிருந்த எங்கள் காணிக்கு நானும் அம்மாவும் மட்டும் திரும்பி வந்தோம். அதன் பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். தீபாவளிக்குப் புதுச்சட்டை கேட்டால், "அப்பா வரட்டும்." பிறந்தநாளுக்குக் கேக் கேட்டால், "அப்பா வரட்டும்." சுவருக்கு வர்ணம், வேப்பமரத்தில் ஊஞ்சல், ஊரில் நடக்கிற கல்யாணங்கள், எல்லாம் அப்பாவை எதிர்பார்த்து வரிசையில் நின்றன. அவர் வந்திருந்தால் முதல் ஒரு வருடம் கொண்டாடியே களைத்துப் போயிருப்பார்.

அம்மா கொடுமைக்காரி அல்ல. எனக்குச் சீப்பால் தலை இழுத்துவிடும்போது அவருடைய கை அவ்வளவு மெதுவாகப் போகும். ஆனால் பேச்சுக்கதைதான் இல்லை. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் கதைக்காவிட்டால் மற்றவர் தனியாகத்தான் இருக்கவேண்டும். நான் கோழிகளோடு கதைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருடம் மழை தொடங்கிய கையோடு பக்கத்து வீட்டு மாமாவை வயலில் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அவருடைய மகளும் நானும் ஒரே வகுப்பு. எனக்கிருந்த ஒரே சிநேகிதி அவள்தான். செத்தவீட்டில் அவள் அழுததைப் பார்த்து நானும் அழுதேன். ஆனால் உள்ளுக்குள் அற்பத்தனமாக ஒரு நினைப்பும் ஓடியது. இனி இவளும் என்னைப் போலத்தான், வாழைகளுக்குள் இரண்டு பேராக நின்று சிரிக்கலாம்.

என் கணக்குப் பிழைத்துவிட்டது. முப்பது நாள் அந்த வீட்டில் தொலைக்காட்சி பேசவில்லை, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியை முடித்து, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள். பந்தி முடிவதற்குள் யாரோ தொலைக்காட்சியைப் போட்டார்கள். அதில் வந்த கோமாளித்தனத்தைப் பார்த்து என் சிநேகிதி, கையில் கடித்த வடையோடு, வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு கிழவர் திரும்பி முறைத்தார். அவளுடைய அம்மாதான், "சிரிக்கட்டும் விடுங்கோ. பிள்ளை ஒரு மாசமா அழுதது காணும், இனிப் போதும்" என்றார்.

அப்பா செத்த பிள்ளைக்கு ஒரு மாதத்தில் விடுதலை. அப்பா சாகாத பிள்ளைக்கு நாலு வருடமாகியும் இல்லை. இது எந்த ஊர் நியாயம்? அந்த நேரம் பார்த்து அம்மா குழம்பு வாளியோடு பந்திக்கு வந்தார். நான் எல்லாருக்கும் கேட்கிற குரலில் கேட்டேன்.

"அம்மா, எங்கட அப்பாவுக்கு எப்ப முப்பத்தொண்டு?"

பந்தி முழுக்கச் சாப்பாட்டை நிறுத்தியது. அம்மா வாளியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நல்ல அடி விழப்போகிறது என்று நினைத்தேன். விழவில்லை. எங்கள் முற்றத்தில் நின்று வர்ணமில்லாத சுவரையும் ஊஞ்சலில்லாத மரத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அப்பா செத்துப்போனவரே?"

"இல்லை."

"அப்ப நாங்கள் ஏன் செத்தவீடு மாதிரி இருக்கிறம்?"

இதை என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வது? அம்மாவே சொன்னார், "நாளைக்கு வான் பாக்கப் போவம்."

மழைக்குக் குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் கட்டின்மேல் வழிந்து ஓடுவதைத்தான் எங்கள் பக்கத்தில் வான் பாய்வது என்போம். பாயத் தொடங்கினால் ஊரே அங்கேதான் நிற்கும். அடுத்த நாள் அம்மா பெட்டியின் அடியிலிருந்து பூப்போட்ட சேலை ஒன்றை எடுத்துக் கட்டினார். கண்ணாடி முன்னால் நின்று, வழமையைவிடப் பெரிதாகக் குங்குமப் பொட்டு வைத்தார். அப்பா இருக்கிறார் என்பதற்கு எங்கள் வீட்டிலிருந்த ஒரே அத்தாட்சி அந்தப் பொட்டுத்தான்.

குளத்தடியில் ஐஸ்கிரீம் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு நின்றது. ஆண்கள் உடுத்திருந்த சாரத்தை விரித்து மீன் பிடிக்கப் பார்த்தார்கள். அம்மா கரையிலேயே நின்றார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டாவது அடியிலேயே பாசி வழுக்கி, தொப்பென்று தண்ணீருக்குள் குந்திவிட்டார். தலைக்கு மேலால் தண்ணீர் போயிற்று. அழப்போகிறார் என்று நான் பயந்துகொண்டு நிற்க, அம்மா சிரித்தார். அவருடைய சிரிப்பு எப்படியிருக்கும் என்பதே எனக்கு மறந்திருந்தது. முடிகிற இடத்தில் விக்கல் மாதிரி ஒரு சத்தம் வரும். நான் தண்ணீரை அள்ளி அவர்மேல் எறிந்தேன். அவரும் என்மேல் எறிந்தார்.

நடுவில் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "பிள்ளை, பொட்டு இருக்கே?"

இல்லை. சுத்தமாகக் கழுவப்பட்டுப் போயிருந்தது. ஆனால் இல்லை என்று சொன்னால் ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குப் போகவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"ஓம் அம்மா, இருக்கு."

பின்னேரம் வரைக்கும் தண்ணீருக்குள் நின்றோம். திரும்பி வரும்போது சைக்கிளை மிதித்துக்கொண்டே அம்மா கதைத்தார். தான் பள்ளிக்கூடத்தில் மரமேறி விழுந்தது, கணக்கு வாத்தியாருக்குப் பட்டப்பெயர் வைத்தது என்று ஏதேதோ கதைகள். "அப்பா வரட்டும்" ஒரு தடவைகூட வரவில்லை. நான் கரியரில் குந்தியிருந்து அவருடைய ஈர முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

வேலிப் படலையடியில் பக்கத்து வீட்டு மாமி, என் சிநேகிதியின் அம்மா, நின்றார். அம்மாவைக் கண்டதும் ஓடிவந்து சைக்கிளைப் பிடித்தார்.

"ஐயோ தங்கச்சி! எப்ப தகவல் வந்தது?"

"என்ன தகவலக்கா? நாங்கள் வான் பாத்திட்டு வாறம்." அம்மாவுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

மாமி தன் வெறும் நெற்றியை ஒருதரம் தொட்டார். பிறகு அம்மாவின் நெற்றியைத் தொட்டார்.

அம்மா சைக்கிளை அப்படியே விழவிட்டுவிட்டு உள்ளே போனார். கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றார். நான் கதவடியில் நின்றபடி, "நீங்கள் சிரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள், அதாலதான் அம்மா" என்றேன். அவர் ஏசவில்லை. குங்குமத்தை எடுத்து வைத்தார். அது கோணலாகிவிட்டது. அழித்துவிட்டு இன்னொருதரம் வைத்தார். பிறகு நிலத்தில் குந்தியிருந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நான் பொய் சொன்னதற்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து, சாமிப்படத்துக்கு முன்னால் போய்த் தோப்புக்கரணம் போட்டேன். பொட்டில்லாத நெற்றியோடு, அப்பாவை ஒருதரமும் நினைக்காமல், ஒரு பகல் முழுக்கத் தான் சந்தோஷமாக இருந்துவிட்டதைத்தான் அம்மா அந்தக் கண்ணாடியில் பார்த்தார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.